நின்ற மோட்டாரும் ஒரு விரலும்

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்வதென்று ஞாயிறு காலை முடிவெடுத்து, வீட்டில் முறைப்படி அறிவித்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்குப் பக்கத்தில் பொறிக்கத்தக்க தீர்மானம். மூன்றாவது நிமிடம் உன் மாத்திரை அட்டை கையில் அகப்பட்டது. பத்து மாத்திரைகளும் அப்படியே இருக்கின்றன.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், காவாந்தண்டலத்தில் உன் பம்புசெட் வாசலில் உட்கார்ந்து, உயிரியல் வாத்தியார் என்ற உரிமையில் விளக்கினேன். உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, ‘பெருகு’ என்று உத்தரவிடுவது அதன் உத்தியோகம். வேண்டியபோது ஒட்டும், பிறகு ஓயும். உன்னுடையது ஓய்வதே இல்லை.

“இன்னா வாத்தியாரே, ஆட்டோல போட்ட மோட்டாரு மாதிரியா? கரன்ட்டு வந்தா யாரையும் கேக்காது, தானே ஓடும்.”

“அதேதான். மாத்திரை, ஆஃப் ஸ்விட்சை அமுக்கிப் பிடிக்கிற விரல்.”

இருபது வருடம் பாடம் நடத்தியதில் அவ்வளவு நல்ல உவமை எனக்கு வாய்த்ததில்லை.

ஆறு மாதத்தில் ரத்த அறிக்கை சரியாக வந்தது. நீ இந்த அட்டையை என் சட்டைப்பையில் செருகினாய்.

“வச்சிக்கோ, பசங்களுக்குக் காட்டு. மோட்டாரு நின்னுபோச்சி. நின்ன மோட்டார எவனாவது புடிச்சிக்கினு நிப்பானா?”

நான் சிரித்தேன். நீ விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை, உன் வாக்கியத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். விரலை எடுத்தால் மறுபடி ஓடும். நான்கே சொல். எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. தினமும் அதை உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்க நீ இல்லை.

நீ மாத்திரையை நிறுத்திய நான்காம் மாதம் காய்ச்சல் வந்தது, மண்ணீரல் வீங்கியது. அதே மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். நொதி இதற்குள் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டுவிட்டது, மாத்திரை போய் உட்கார இடமில்லை என்றார் மருத்துவர். யார் நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்டபோது, உன் மனைவி என்னைக் காட்டினார்.

“இவருதான் சார், மோட்டாரு கதை சொன்னவரு.”

நீ படுக்கையிலிருந்து கையை உயர்த்தினாய். “அவர ஒண்ணும் சொல்லாத. எனக்குத்தான் புத்தி இல்ல.”

என்னைக் காப்பாற்ற நீ சொன்ன அந்தப் பொய்யைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். திருப்பித் தர வழியில்லை.

உன் மனைவி இப்போது பஸ் ஏற எங்கள் தெரு வழியாக வருவதில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார்.