முக்கால்வாசி வெட்டிய மிளகாய்க் காடு

ஐப்பசி 9, திங்கள்

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். மழை வரும் என்றேன், வந்தது. களை மிளகாயை மீறும் என்றேன், மீறியது. ஆள் கிடைக்காது என்றேன், ஒருத்தர் இல்லை. கரிசல் மண் இறுகுவதற்குள் களையை வெட்டியாக வேண்டும். விட்டால் இந்த வருசம் மிளகாய் கிடையாது.

ராக்குக்குக் கர்ப்பப்பை எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குனியவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பு. "நீ காட்டுப் பக்கமே வராத, ஒத்த ஆளா முடிக்கிறேன்" என்றேன். என் பெண்டாட்டி ஆயிற்றே, நம்பிவிட்டாள்.

அருப்புக்கோட்டை போய்ப் புது மண்வெட்டி. கடையில் இருந்த அத்தனையையும் விரலால் சுண்டிப் பார்த்து, கோயில் மணி மாதிரி சத்தம் வந்ததை எடுத்தேன். இருப்பதிலேயே அகலம், கனம்.

"அண்ணாச்சி, களைக்கா? இது வாய்க்கா வெட்டுறதாச்சே."

"என் கையப் பாத்துட்டுப் பேசும்." கடைக்காரர் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் மொத்தச் சனமும் மண்வெட்டியைத்தான் பார்த்தது.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில். மண் அப்புகிறது. நாலு வெட்டுக்கு ஒருதரம் தகரத்தால் சுரண்டல். சுரண்டாவிட்டால் இரண்டு மண்வெட்டிக் கனம். தோள்பட்டை போச்சு.

அக்கா மகன் சேவுகன் பைக்கை நிறுத்தி, "என்ன மாமா, களைய வெட்டுறீகளா, மண்ணு அணைச்சு வளக்குறீகளா?" நான் கொடுத்த பதிலில் பைக் தானாகவே ஸ்டார்ட் ஆகி ஓடியது.

வீட்டில் ராக்கு: "எம்புட்டு முடிஞ்சது?"

"முக்கால்வாசி."

ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

வெட்டியது என்னவோ ஆறு சால் வரிசைதான். நாளைக்குச் சரிக்கட்டிவிடலாம்.

ஐப்பசி 11, புதன்

மண்வெட்டிக் கணை, அதுதான் மரப்பிடி, ஆடுகிறது. தொட்டியில் ஊறப் போட்டேன், ஊறி இறுகியது. வெயில் ஏறியதும் காய்ந்து மறுபடி ஆட்டம். ஆப்பு வைத்து அடித்தேன். அரம் போட்டு வாயைத் தீட்டினேன். கையெல்லாம் கொப்புளம். வரப்போரம் மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஐப்பசி 12, வியாழன்

விடிந்து எழுந்தால் ராக்கு இல்லை. அவள் களைக்கொத்தும் இல்லை. ஓடினேன். காட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கொத்திக்கொண்டிருக்கிறாள்.

"ஒனக்குப் புத்தி இருக்கா?"

"குனியத்தான கூடாதுன்னாக. உக்காரக் கூடாதுன்னாகளா?"

"ஒன்ன யாரு வரச் சொன்னா?"

"முக்கால்வாசி முடிஞ்சதுன்னீகள்ல. மிச்சத்துக்கு ஒரு கை பாத்தா உங்களுக்கு லேசா இருக்கும்னு வந்தேன்."

சொல்லிவிட்டுக் காட்டைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பச்சைப் பசேல். மிளகாய்ச் செடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுந்திருக்கப் போனவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சேவுகனுக்குப் போன். ஆட்டோவோடு வந்தான். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை.

டாக்டரம்மா: உள்தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை, படுத்தே இருக்க வேண்டும். வசவு முழுக்க எனக்கு.

மத்தியானம் சேவுகனும் அவன் வீட்டுக்காரியும் காட்டில் இறங்கினார்கள். அவன் மண்வெட்டி தேய்ந்து பாதியானது. வாங்கி நாலு வெட்டு வெட்டினேன். மண் ஒட்டவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் கஞ்சி கொடுத்தேன். ராக்கு சிரித்துக்கொண்டே, "போங்க, நீங்களும் உங்க முக்கால்வாசியும்" என்றாள்.

பொய். அவள் அப்படிச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கஞ்சி அப்படியே இருக்கிறது.