‘பெரூஸ்’ சண்டை

9 ஜனவரி, வியாழன்
பப்பிலிருந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். குடித்துக் கலாட்டா செய்தோம் என்றால்கூட நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். வினாடி வினாவில் ‘பெரூஸ்’ என்ற ஒரு சொல்லுக்காக! ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருக்க, என் கணவர் டெஸ்மண்டுக்குச் சண்டை போட இதுதானா கிடைத்தது?

கேள்வி கேட்டவர் கறிக்கடை டிரெவர். மேலோட்டமாகப் புரட்டிப் பார்ப்பது என்று விடை சொன்னார். டெஸ்மண்ட் எழுந்துவிட்டார்.

“தப்பு! வரி விடாம ஊன்றிப் படிக்கிறதுதான் பெரூஸ்.”

“மைக் என் கையில இருக்கு, வாத்தியாரே. உக்காருங்க.”

உட்காரவில்லை. மைக்கைப் பிடுங்கினார். முதலாளியம்மா க்வென் என்னிடம் வந்தாள். “மேவிஸ் கண்ணு, இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு மாசம் ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வர வேணாம்.”

நான் என்ன செய்தேன்?

10 ஜனவரி
காலையில் முட்டையோடு பாடம். ஆதியில் அந்தச் சொல்லுக்கு, ஒன்றைத் தேயத் தேயப் பயன்படுத்தித் தீர்ப்பது என்று பொருளாம். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. அதற்கும் அப்புறம்தான் படிப்பது. முட்டை ஆறிப்போயிற்று. தேயத் தேய... இத்தனை வருடம் இவரோடு வாழ்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டுமா?

அவர் குளிக்கப் போனதும் அகராதியைத் திறந்தேன். இரண்டு பொருளும் இருக்கிறது, ஊன்றிப் படிப்பதும் டிரெவர் சொன்னதும். இதை அவரிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

16 ஜனவரி, வியாழன்
வீட்டில். டிவியில் யாரோ கேக் சுட்டார்கள்.

எனக்கு வாரத்தில் இருப்பது அந்த ஒரு மாலைதான். மற்ற நாட்களில் நாங்கள் குப்பைத் தொட்டியை யார் வெளியே வைப்பது என்றுதான் பேசிக்கொள்கிறோம். பப்பில் மட்டும்தான் என் காதருகே குனிந்து, “மேவிஸ், உனக்கு என்ன தோணுது?” என்பார். அது போய்விட்டது. கோபம் கோபமாக வருகிறது.

30 ஜனவரி
சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை பப்பில் வாயைத் திறந்தால் நான் வினாடி வினாவில் தபால்காரர்கள் அணியில் சேர்ந்துவிடுவேன். “சரி” என்றார். இந்த மனிதரா?

13 பிப்ரவரி, வியாழன்
திரும்பப் போனோம். டிரெவர் ஒரு ஆற்றின் பெயரையே தவறாகச் சொன்னார். டெஸ்மண்ட் வறுவலை மென்றுகொண்டிருந்தார். என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. கேட்டது கிடைத்துவிட்டதே, அப்புறம் என்னடி?

20 பிப்ரவரி, வியாழன்
டிரெவருக்குக் குசும்பு. கடைசிக் கேள்வி: “பெரூஸ்னா என்ன? சில பேருக்கு இன்னொரு சான்ஸ்!” ஒரே சிரிப்பு.

டெஸ்மண்ட் பென்சிலை எடுத்து எழுதினார்: மேலோட்டமாகப் பார்ப்பது. பொடிப்பொடியாக, கையால் மறைத்தபடி. “உனக்காகத்தான்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

விடை வாசிக்கப்பட்டது. எங்களுக்கும் ஒரு மதிப்பெண். கைதட்டல் வேறு.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றது நான்தான். “தப்பு, டிரெவர்!” என்றேன். தேய்வது, தீர்ப்பது, சரிபார்ப்பது என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அகராதியில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

இந்த முறை மூன்று மாதம்.

வீடு வரும்வரை டெஸ்மண்ட் பேச்சை நிறுத்தவில்லை. என் விளக்கத்தில் இரண்டு பிழைகளாம்.