ரொட்டிக்கடையில் ஒரு மணி நேரம்

அன்புள்ள நெஸ்தோர்,

சமார் தீவில் மழை விட்டாயிற்று. புயலில் வீடிழந்தவர்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். நீ கட்டிக்கொடுத்த கருவாடு தீர்ந்துவிட்டது.

மகனைப் புதைத்துவிட்டு வந்த சலோமே அக்காவிடம், உளவியலாளர்கள் நாங்கள் வழக்கமாகக் கேட்பதுபோல, "தூக்கம் வருதாக்கா?" என்று கேட்டேன். அவள் துணி பிழிந்துகொண்டே திருப்பிக் கேட்டாள்.

"சாவு வீட்டுலேர்ந்து நேரா வீட்டுக்குப் போனா செத்தவங்க கூடவே வந்துருவாங்களே. நீங்க என்ன பண்ணுவீங்க, டாக்டரம்மா?"

நம் ஊர்ப் படகுத்துறை ரொட்டிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன் என்றேன். இருபது வருடமாக, ஒவ்வொரு புயலுக்குப் பிறகும்.

"அப்புறம் புருஷன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"ரொட்டி சூடா இருக்குன்னு."

மகன் போனபின் அன்றுதான் அவள் சிரித்தாள். "நல்ல பொம்பளடி நீ. ஊரையெல்லாம் பேச வைக்கிற, புருஷனுக்கு வெறும் ரொட்டியா?"

துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். வீட்டில் காத்திருக்காதே. கடைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார். கடைக்காரர் விரட்டும்வரை பேசுவேன். பிறகு செத்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, நாம் இருவரும் வீட்டுக்குப் போகலாம்.

ரொட்டி ஆறிப்போயிருக்கும், பரவாயில்லை.

நீ ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும்
உன் மனைவி