புவனாவுக்கு வாங்கிய டி.சி.

பாகூர்,
ஜூலை 9

அன்பு மகள் மஞ்சுளாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. வெயில் கொளுத்தும் அந்த ஊரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஏரிக்கரை நிலத்தில் நாற்று விட்டாயிற்று. போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, உன் மகள் புவனா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதி, மஸ்கட் திரும்பும் இளங்கோவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அப்பாவைத் திட்டு, அழாதே.

ஏப்ரலில் ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் நம் ஊர் அரசுப் பள்ளியிலேயே வந்து கூட்டம் போட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா, ஃபீஸுக்குப் பதிலாகக் கூப்பன் கொடுப்பார்களாம், அதைக் கொண்டுபோய் எந்த பிரைவேட் ஸ்கூலில் வேண்டுமானாலும் பிள்ளையைச் சேர்க்கலாமாம். செல்வகுமாரி டீச்சர் எழுந்து, "எல்லாப் புள்ளைங்களையும் சேத்துக்குவோம்னு அந்த ஸ்கூல்காரங்க எழுதிக் குடுப்பாங்களா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "எங்க புள்ளை எங்க படிக்கணும்னு நாங்க முடிவு பண்றோம், உங்களுக்கு இன்னா டீச்சர்? வேலை போயிடும்னு பயமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

டி.சி. கொண்டுவந்தால்தான் இன்டர்வியூ என்றார்கள். நம் பள்ளியில் இருந்த பதினான்கு பிள்ளைகளில் பதினோரு பேருக்கு ஒரே வாரத்தில் வாங்கினோம். புவனாவுக்கு எழுதிக் கொடுக்கும்போது டீச்சர், "இவளை எதுனா கேட்டா கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கய்யா, பதில் வரும்" என்றார். வகுப்பில் அவர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போர்டைத் துடைத்துக்கொண்டு நிற்பாராம், இவளும் திக்கித் திக்கி முழுசாகச் சொல்லி முடிப்பாளாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்டர்வியூவில் அந்த மிஸ் பெயர்தான் கேட்டார். குழந்தை 'பு' என்று ஆரம்பித்தாள், மேலே வரவில்லை, கழுத்து நரம்பு புடைத்தது, மிஸ் வாட்சைப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லையம்மா. "புவனேஸ்வரி மேடம்" என்று நானே சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து வாயை மூடிக்கொண்டாள், அதற்கப்புறம் எதைக் கேட்டும் திறக்கவில்லை. மற்ற பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள், இவளை மட்டும் பழைய ஸ்கூலிலேயே விடுங்கள் என்றார்கள். ஓடி வந்து பார்த்தால் நம் பள்ளி கேட்டில் பூட்டு. மூன்று பிள்ளைகளுக்காக நடத்த முடியாது என்று வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள், டீச்சரையும் பூரணாங்குப்பம் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஒரு மாதமாக உன் பெண் வீட்டில்தான் இருக்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிறாள், விளையாடப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது அத்தனையும் பொய்.

நேற்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயெடுப்பதற்குள் "புவனா எப்படி இருக்கா?" என்று கேட்டார், திங்கட்கிழமை தன் புதுப் பள்ளியிலேயே கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார். நான் கூட்டத்தில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. மொபெட்டில் அரை மணி நேரம், தினமும் நானே கொண்டுபோய் விடுவேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் புவனா நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். "நான் பேர் சொல்லாததாலதான் நம்ம ஸ்கூலை மூடிட்டாங்களா தாத்தா?" என்று எழுதியிருந்தாள். இல்லை என்று தலையை ஆட்டினேன், அவள் நம்பவில்லை. அப்புறம் யாரால் என்று எழுதினாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

செங்கழுநீர் அம்மன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனை அவள் காதில் வைக்கிறேன். அவளால் இல்லை, தாத்தாவால்தான் என்று நீயே அவளுக்குச் சொல்லிவிடு அம்மா.

உன் அப்பா,
சாமிக்கண்ணு