எலெபாயோவைப் பார்த்துவிட்டேன்

கராஜில் ஷூவைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். கவாய் தீவின் செம்மண், நம் எடிசன் ஊர்த் தண்ணீருக்கெல்லாம் போக மாட்டேன் என்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. பாதி உங்கள் மேல், மீதி என் மேல்.

உலகத்திலேயே அந்த ஒரு தீவின் காட்டில் மட்டும் இருக்கிறது என்று எட்டு வருடமாக என் உயிரை வாங்கினீர்களே, அந்தப் பொடிக் குருவியை, உங்கள் எலெபாயோவை, பார்த்துவிட்டேன்.

வருடாவருடம் "இந்த வாட்டி கண்டிப்பா கவாய்" என்பீர்கள். வருடாவருடம் லீவு முழுக்க ஊருக்கே போய்விடும். ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு, யாருக்கோ அறுபதாம் கல்யாணம். போன வருடம்தான் டிக்கெட்டே போட்டீர்கள். அந்த வாரம் பார்த்து ஈரோட்டில் என் அண்ணன் கிரகப்பிரவேசம் வைத்தார்.

"மாப்பிள்ளை வரலைன்னா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? குருவி எங்கங்க ஓடிடப் போகுது?" என்று கேட்டவள் நான்தான். நீங்கள் லேப்டாப்பைத் திறந்து கேன்சல் பண்ணிவிட்டு, "ஊறுகாய் எடுத்துட்டு வரணும்னா பெட்டில இடம் விட்டு வை" என்றீர்கள். ஈரோட்டில் போட்டோவுக்கு இரண்டு தடவை நின்றீர்கள். வேறு ஒரு வேலையும் உங்களுக்கு அங்கே இல்லை.

திரும்பி வந்து நாலாவது மாதம், ரயில்வே ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கவாயில், காட்டோரப் பார்க்கிங்கிலிருந்து பத்தே நிமிஷ நடை. உங்கள் பைனாகுலரை ஃபோகஸ் பண்ணத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அதுவே கைக்கெட்டும் கிளைக்கு வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. சாம்பல் முதுகு, நெஞ்சில் லேசாகக் காவி. இவ்வளவு சுலபமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் அலைந்து கால் தேய்ந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

போனில் சொன்னதும் நம் பெண், "அம்மா, ஜஸ்ட் ஆட் இட் டு அப்பாஸ் லிஸ்ட்" என்றாள். "என் கண்ணால பாக்காம ஒரு காக்காகூட லிஸ்ட்ல ஏறாது" என்பீர்களே. ஏற்றவில்லை. பார்த்த பறவைகளை எழுதி வைக்கும் உங்கள் நோட்டில் அந்தக் குருவிக்கான வரி காலியாகவே கிடக்கட்டும்.

நேற்று அண்ணன் கூப்பிட்டார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், அத்தை முன்னாடியே வந்து நிற்க வேண்டுமாம். லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். லீவு கொட்டிக் கிடக்கிறது. எங்கே போகலாம் என்று என்னைக் கேட்கத்தான் ஆள் இல்லை.