வெளிநாட்டுக் கவுனும் உள்ளூர் இடுப்பும்

மார்ச் 2, திங்கள்

இன்று வந்த வேலை: எதிர்க்கடையில் வாங்கிய இறக்குமதி உடுப்புகள் நான்கு. ஒன்றுக்குத் தோளைச் சரிசெய்ய வேண்டும், ஒன்றுக்கு நீளம் குறைக்க வேண்டும், மற்ற இரண்டையும் மனித உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நானே வரைந்து, வெட்டி, தைத்து, பொம்மைக்குப் போட்டு வைத்திருக்கும் உடுப்புகளைப் பார்க்க வந்தவர்: மழைக்கு ஒதுங்கிய ஒருவர். அவரும் மணி என்ன என்றுதான் கேட்டார்.

மாலையில் எதிர்க்கடைக்காரர் வந்து பழைய பாட்டையே பாடினார். "இதை மூடிட்டு எங்க கடைக்குள்ளயே வந்துடுங்கம்மா. ஆல்டரேஷன் பூராவும் உங்க பொறுப்பு. மாசக் கடைசிக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க." மனிதர் நல்லவர், அதனால்தான் எரிச்சல் அதிகம். என் பெயர் போட்ட பலகை மாட்டி எட்டு வருடம். கழற்றிவிட வேண்டியதுதானா?

மார்ச் 5, வியாழன்

அண்ணி வந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அக்கா, பல் டாக்டர். பல் டாக்டர்கள் சங்கத்துக்கு இந்த வருடம் அண்ணிதான் தலைவி. 21-ஆம் தேதி பதவியேற்பு.

"எதிர்க்கடையில சொல்லி வெளிநாட்டுலேர்ந்து கவுன் வரவழைக்கிறேன். வந்ததும் கொஞ்சம் பாத்துக் குடு" என்றார்கள். என் பொம்மை நிற்கும் பக்கம் தலை திரும்பவே இல்லை. ஊரில் உள்ள பல்லெல்லாம் தெரியும். தம்பி மனைவி என்ன தைக்கிறாள் என்று மட்டும் தெரியாது.

"என்ன அளவு சொன்னீங்க அண்ணி?"

"என் அளவுதான்."

எந்த வருடத்து அளவு என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

மார்ச் 11, புதன்

ஆல்டரேஷன். ஆல்டரேஷன். ஆல்டரேஷன்.

மார்ச் 14, சனி

கவுன் வந்தது. அண்ணி அதற்குள் இறங்கினார்கள், பாதி வரை. இடுப்பில் சிக்கி நின்ற அண்ணியை நானும் கண்ணாடியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிரிச்சு விட்டுடேன்."

"பிரிக்கலாம். உள்ள துணி இல்லையே அண்ணி."

நாங்கள் யார் தைத்தாலும் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டு வைப்போம். இன்றிருக்கும் உடம்பு நாளைக்கு இராது என்று தையல்காரர்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் அந்தக் கவலை ஏது? தையலை ஒட்ட நறுக்கி அனுப்பிவிட்டார்கள். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"அளவைத் தப்பாத் தச்சிருக்காங்க" என்றார்கள். ஆமாம், ஒரு தேசமே சேர்ந்து அண்ணியின் இடுப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டது.

பிறகு குரலை இறக்கி, "உன்னால ஒரு வாரத்துல ஏதாவது தச்சுத் தர முடியுமா?"

கேட்டு முடிக்கும் முன்பே முடியும் என்றேன். கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். வெட்கங்கெட்ட மனசு.

அளவெடுக்கும்போது சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

மார்ச் 20, வெள்ளி

முடித்துவிட்டேன். கருநீலம். அகலமான காலர், இடுப்பில் சாய்வாக வெட்டிய பட்டை, இரண்டு பக்கமும் பை. இத்தனை வருடத்தில் நான் தைத்ததில் இதுதான் நல்லது. எனக்கே தெரியும்.

அண்ணி போட்டுப் பார்த்து முன்னும் பின்னும் திரும்பினார்கள். கை தானாகப் பைக்குள் போனது. ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்க்காத அதிசயம்.

அப்புறம் வாய் திறந்தார்கள். "கழுத்துல அந்த லேபிளை மட்டும் எடுத்துடு. உறுத்துது."

என் பெயர் உறுத்துகிறது. எடுத்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று எழுத உட்கார முடியவில்லை.

மண்டபம் முழுக்கப் பல் டாக்டர்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறார்கள். மேடையிலிருந்து இறங்கிய அண்ணியை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார் ஒரு டாக்டரம்மா. நான் இரண்டடி தள்ளித் தட்டோடு நிற்கிறேன். அண்ணி என்னைப் பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே, "இது வெளிநாடு" என்றார்கள்.

நானாவது ஏதாவது சொன்னேனா? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் – இடம் பொருத்தம்தான்.

வண்டியில் வரும்போது இவர், "விடு, அக்கா குணம் தெரிஞ்சதுதானே" என்றார். எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? ராப்பகலா தச்சது நானு, பேரு எவனுக்கோ. அழுதுட்டேன். போதும், பேசாம எதிர்க்கடைக்கே போய்த் தொலையலாம்.

மார்ச் 26, வியாழன்

எதிர்க்கடைக்காரர் போனில் ஒரு படத்தோடு வந்தார். அண்ணி, மேடை, கருநீலம்.

"இதைக் கேட்டு ஆள் மேல ஆள் வர்றாங்கம்மா. எந்தக் கம்பெனின்னு பிடிபடல. பாத்து இதே மாதிரி தச்சுத் தர முடியுமா? அசல் மாதிரி வராது, பரவாயில்ல."

"அசலே நான் தச்சதுதான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குத் தமாஷ் பண்ணக்கூட வரும்னு இன்னிக்குத்தான் தெரியும்மா." போகும்போது மாதக் கடைசியை ஞாபகப்படுத்தினார்.

மார்ச் 28, சனி

அண்ணி போன் செய்தார்கள். மூன்று டாக்டரம்மாக்கள் அரித்தெடுக்கிறார்களாம். "நீ தச்சுக் குடு, நான் வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சதாச் சொல்லிக் குடுத்துடறேன். உனக்கும் வேலை ஆச்சு."

மூன்று கவுன்கள். இரண்டு மாதமாக ஒன்றுகூடப் போகாத கடைக்கு. நாக்கு ஊறியது, பொய் சொல்வானேன்.

"ஆள் இல்லாம பொம்மைக்குத்தான் தைப்பேன் அண்ணி. அவங்க இங்க வரணும், நான் அளவெடுக்கணும். யார் தச்சதுன்னு நீங்களே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா வேண்டாம்."

போனை வைத்துவிட்டார்கள். வந்த வாய்ப்பை நானே விரட்டிவிட்டேனா?

ஏப்ரல் 1, புதன்

பதினொரு மணிக்கு அண்ணி வந்தார்கள். பின்னால் மூவர். அண்ணி வாசலிலேயே நின்று பலகையை நெடுநேரம் படித்தார்கள், ஏதோ அதில் நூறு வரி இருப்பதுபோல.

"இவ என் தம்பி மனைவி. அன்னிக்கு நான் போட்டிருந்தது இவ தச்சது. வெளிநாடுன்னு... நான்தான் சும்மா சொன்னேன்."

காது வரைக்கும் சிவந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

மூவரில் மூத்தவர் கைப்பையைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். "அது அன்னிக்கே தெரியும் டாக்டர். வெளிநாட்டுக்காரன் நம்ம இடுப்புக்கு இவ்வளவு கச்சிதமா எப்பத் தச்சான்?"

அண்ணிதான் முதலில் சிரித்தார்கள்.

மூவருக்கும் அளவெடுத்தேன். லேபிள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. துணி வெட்ட உட்கார்ந்தவள் எழுந்திருக்கச் சாயங்காலமாகிவிட்டது. அப்போதுதான் தேதியைப் பார்த்தேன். மாதக் கடைசி நேற்றே போய்விட்டது. எதிர்க்கடைக்காரருக்குப் பதில் சொல்லவே மறந்திருக்கிறேன்.