ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று செய்து தரட்டுமா, இல்லை மாப்பிள்ளை ஆசைப்படுகிறபடி மோனோபிளாக் இரண்டு செய்யட்டுமா என்று போனில் கேட்டாய். "அவர் இஷ்டம்" என்றேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். என் போனில் யார் பேசினாலும் அவருக்கும் கேட்கிற மாதிரிதான் வைக்க வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம்.

என் பதில் ஸ்டீரியோ. ஒரே பெட்டி, அதுவும் மட்டமான பெட்டி. சிரிக்காதே. உன் கடையில் உட்கார்ந்து டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தவள் நான், மோனோபிளாக் எவ்வளவு உசத்தி என்று நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப், தனி பவர் சப்ளை. சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அசையாது. ஒன்று நின்றாலும் மற்றது பாடிக்கொண்டே இருக்கும். எனக்குப் பயமே அதுதான்.

மாப்பிள்ளைக்கு அபாரமான காது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். அந்தக் காது படுத்தும் பாட்டைக் கேள். சாப்பாட்டில் உப்பு கூடினால் அவர் கத்த மாட்டார். எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்துவார். ஒரு ரெக்கார்டை எடுத்துத் துடைத்து வைப்பார். சத்தத்தைக் கூட்டுவார். அதற்கப்புறம்தான் பெல்ட்டைக் கழற்றுவார். பெல்ட் என்றால் டிரம்ஸ், கை என்றால் வயலின் போதும் அவருக்கு, அவ்வளவு ரசனை. நான் அலறினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். சமையலறைச் சுவரில் என் தலை மோதிப் பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டியிருக்கிறார். அதையும் கோணாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துத்தான் மாட்டினார்.

என் கல்யாணத்துக்கு நீ செய்து கொடுத்த ஸ்டீரியோ இப்போது சீக்கிரம் சூடேறித் தானாக அணைந்துவிடுகிறது. போன மாதம் அவர் என் முடியைச் சுற்றிப் பிடித்துக் கதவு நிலையில் மோதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றது. நான் போட்ட கூச்சல் அப்படியே வெளியே போயிற்று. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்து கதவைத் தட்டினார். அன்றைக்குப் பிழைத்தேன். மறுநாள்தான் அவர் உனக்கு போன் போட்டு, "சூடு ஏறுது மச்சான், இனிமே மோனோபிளாக்தான் சரி" என்றார்.

அதனால் கேட்கிறேன். கொஞ்சம் சூடேறினாலே அணைந்துவிடுகிற மாதிரி ஒரே பெட்டியாகச் செய்து அனுப்பு. உன் கைக்கு அவமானம்தான். எனக்காகப் பொறுத்துக்கொள்.

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிவிட்டது, மீதியை இன்றைக்கு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் விரல் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நேற்று ஆம்ப் மறுபடியும் நின்றது. தையல்காரம்மாவும் வந்தார். நான் சமையலறைத் தரையில் கிடந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. இவர் சிரித்த முகமாகக் கதவைத் திறந்து, "பழசாயிடுச்சும்மா, புதுசு வருது, இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார். பிறகு உள்ளே வந்து பாட்டே இல்லாமல் தொடங்கினார். ரெக்கார்டு துடைக்கிற துணியை என் வாயில் திணித்தார். கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். இடது காதில் விழுந்த அறையில் ரத்தம் வந்தது, அந்தப் பக்கம் இன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இனி நீ எனக்கு ஸ்டீரியோ கொடுத்தாலும் பாதி வீண்தான் அண்ணா. முழங்கால் அழுத்தும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை என்றால் நான் எழுந்திருக்க மாட்டேன். பயமாக இருக்கிறது. அதைவிட ஆத்திரமாக இருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. பெட்டி நின்றால் நான் தப்பித்துவிடுவேன் என்று நினைத்தது என் முட்டாள்தனம். மோனோபிளாக் தயார் என்று அவரிடமே சொல். நீயே கொண்டுவந்து பொருத்துவதாகச் சொல். "நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை, வரும்போது பாடிட்டிருக்கும்" என்று சொல். வயர் எவ்வளவு நீளம், ஸ்பீக்கர் எந்த மூலை என்று நாலு கேள்வி கேள், தலைகால் புரியாமல் மகிழ்ந்துபோவார். தினமும் என்னை உள்ளே வைத்துப் பூட்டி, என் போனையும் சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர். வேறு யாருக்காகவும் சாவியை விட்டுப்போக மாட்டார், மோனோபிளாக் என்றால் விட்டுப்போவார். தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல். இந்தக் கடிதத்தையும் தைக்கக் கொடுக்கிற துணிக்குள் மடித்து ஜன்னல் வழியாக அந்த அம்மாவிடம்தான் கொடுக்கப்போகிறேன். போலீஸுக்குப் போகலாம் என்கிறார். போவோம், இந்தப் பூட்டுக்கு வெளியே வந்த பிறகு.

பதில் எழுதாதே. போனில் என்னிடம் ஒன்றும் கேட்காதே.

ஆம்ப் எதுவும் வேண்டாம். பெரிய அட்டைப்பெட்டி இரண்டு கொண்டுவா. ஒன்று காலியாக இருக்கட்டும், என் துணிமணிக்கு அது போதும். இன்னொன்றில் செங்கல்லை வைத்து நன்றாகச் சுற்றி ஒட்டிக் கொண்டுவா. அதை ஹாலில் வைத்துவிட்டுப் போவோம். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தேட மாட்டார், முதலில் அதைத்தான் பிரிப்பார். அதற்குள் நாம் ரயிலில் இருப்போம்.

உன் கைக்கும் கடைக்கும் எந்தக் குறையும் வராது. சீக்கிரம் வா. வாசலில் நின்று கொஞ்சம் உரக்கவே கூப்பிடு அண்ணா, ஒரு காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உன் தங்கை